வாவிக்கரைக் கதைகள் – 23: ராகேல் யாருக்காக அழுதாள்?

1990 செப்டம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் நடந்ததை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் ராகேல் குறுக்கே வந்து நிற்கிறாள்.

எரேமியா 31ஆம் அதிகாரத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்து ராமாவில் அழுகிறவள் அவள். பென்யமீனைப் பெற்றபோது நடுவழியில் செத்துப்போனவள். பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, பாபிலோனுக்குக் கொண்டுபோகும் கைதிகளை விலங்கோடு நிறுத்திய இடம் ராமா. சந்ததி சங்கிலியில் போவதைக் கண்டு, இறந்துபோன தாய் அழுகிறாள். ஆனால் எரேமியாவில் உடனே பதிலும் வருகிறது: பிள்ளைகள் திரும்புவார்கள்.

பெத்லகேமின் ஆண் குழந்தைகளை ஏரோது கொன்றதைச் சொல்லும் மத்தேயு, இந்த அழுகையை மட்டும் எடுக்கிறார். பதிலை எடுக்கவில்லை. அதை மறதி என்று நான் நம்பமாட்டேன். நாடுகடத்தப்பட்டவன் திரும்பலாம், வெட்டுண்ட குழந்தை எப்படித் திரும்பும்?

இன்னொன்று. பெத்லகேம் யூதாவின் ஊர். யூதா ராகேல் பெற்ற மகனல்ல. அவளுடைய அக்காவும் சக்களத்தியுமான லேயாளின் மகன். பொறாமைப்பட்டே வாழ்ந்தவளைச் சக்களத்தி வம்சத்துக் குழந்தைகளுக்காக அழவைக்கிறார் மத்தேயு. இதை மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் இருந்து படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள், சிறுவர்களும் மாண்டார்கள். செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் இராணுவம் கைக்குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை. ஒன்றுக்கு அழுது மற்றதற்கு நியாயம் சொன்னவர்களை இரு பக்கத்திலும் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய வீரர்கள் எனக்கு வீரர்களல்லர்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது பிள்ளைகள் ஞாயிறு பாடசாலை முடித்திருந்தார்கள். 14 பிள்ளைகள் போனார்கள். அந்தத் தாய்மாரிடம் ‘கடவுள் எடுத்துக்கொண்டார்’ என்று சொல்லப் புறப்படுகிறவர், மத்தேயு எந்த இடத்தில் வாயை மூடினார் என்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

வந்தாறுமூலை முகாமில் அன்று 158 பேரை இராணுவத்தினர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு மத்தேயுவின் மௌனம்கூடக் கிடைக்கவில்லை. உடலைக் காணாத தாய்க்கு எரேமியாவின் பதில்தான் மிச்சம். அது அவளை 30 ஆண்டுக்கு மேலாகக் கடப்படியில் உட்காரவைத்திருக்கிறது. மகன் வருவான்.

அந்த நாளை அடுத்த வாரம் எழுதுகிறேன்.