கண்டிப் பாறையும் கனத்த ஈயமும்

கண்டி மாநகரை அணைத்து நிற்கும் ஹந்தானை மலையில் எரிமலை எதுவும் இல்லை. ஆயினும், நிலத்தின் ஆழத்திலிருந்து எழும் எரிமலைக் குழம்பு வழியில் எந்தப் பழம்பாறையை உருக்கித் தன்னுடன் கலந்துகொண்டது என்று கண்டறியும் கலைக்கும் இலங்கை மலைநாட்டுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு.

1903ஆம் ஆண்டில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் முதற் பணிப்பாளராக அமர்ந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கண்டிக் கைவினைஞரைப் பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூலைப் போற்றுவோர் பலர். பாறைச் சுத்தியலோடு அவர் அலைந்த ஆண்டுகளை நினைப்போர் மிகச் சிலரே. இது நன்றியுடைய செயல் அன்று. பலாங்கொடைப் பக்கத்திற் கிடைத்த கரிய கனசதுரப் படிகங்களை 1904இல் அவர் யுரேனியக் கனிப்பொருள் என்றே கருதினார். டன்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் பகுத்தாய்ந்தபோது, அதிற் பெரும்பங்கு தோரியம் எனத் தெரிந்தது. தோரியனைற்று என்ற புதிய பெயரும் அதற்குக் கிடைத்தது.

தோரியம் சிதைந்து சிதைந்து ஈற்றில் ஈயமாகின்றது. அட்டவணையில் ஒரே தானத்தில் இருந்தும் நிறையில் வேறுபடும் அணுக்களுக்குச் சமதானிகள் என்னும் பொருள்பட 1913இல் பெயரிட்டவர் சொடி. அடுத்த ஆண்டே அவர் இலங்கைத் தோரைற்றிலிருந்து ஈயத்தைப் பிரித்து நிறுத்தார். அது சாதாரண ஈயத்தைவிடக் கனமாக இருந்தது! அதே 1914இல் அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ், யுரேனியக் கனிப்பொருளின் ஈயம் இலேசானதெனக் கண்டார். ஆகவே, ஒரு மூலகம் தான் பிறந்த இடத்தின் அடையாளத்தைத் தன்னுள்ளே சுமக்கின்றது.

அந்த அடையாளமே பின்னர் எரிமலைக் குழம்பின் வரலாற்றையும் காட்டிக்கொடுத்தது. ருபீடியம்-87 மிக மெதுவாக ஸ்ட்ரோன்சியம்-87 ஆக மாறும். கண்டப் புறவோட்டில் ருபீடியம் மிகுதி. எனவே பாறை பழமையாக ஆக, ஸ்ட்ரோன்சியம்-86 உடன் ஒப்பிடும்போது 87இன் பங்கு உயர்ந்துகொண்டே போகும். ஆழத்துக் குழம்பிலோ அவ்விகிதம் குறைவு. தெளிந்து வரும் மகாவலியிற் செம்மண் ஓடை ஒன்று வந்து விழுந்தால் நிறம் மாறுவதுபோல, பழம்பாறையை உண்ட குழம்பின் விகிதமும் மாறிவிடும். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பொங்கிய தக்காண எரிமலைப் பாறைகளில் இது நன்கு புலனாகின்றது. மகாபலேசுவரத்துப் பக்கத்து அம்பேநளிப் படையில் விகிதம் 0.704 அளவே, புஷேப் படையில் 0.713ஐயும் தாண்டுகின்றது. பின்னது வழியில் நிறையவே உண்டுவிட்டது.

கண்டிப் பகுதிப் பாறைகள், உண்ணப்படும் அத்தகைய பழம்புறவோட்டைச் சேர்ந்தவை. 1988இல் மிலிசென்டாவும் உடனாய்வாளரும் நியோடிமியச் சமதானிகளைக் கொண்டு இலங்கையை வயதுப் பிரிவுகளாக வகுத்தனர். நடுவில் உள்ள உயர்நிலத் தொகுதியின் மூலப்பொருள் 200 கோடி முதல் 300 கோடி ஆண்டுப் பழமையது. இருமருங்கிலும் உள்ளவை அதனினும் இளையவை. குமாரசுவாமி கண்ணாற் கண்டு வகைப்படுத்திய பாறைகளுக்கு வயதெல்லை வகுத்தது, அவர் தேடித் தந்த தோரியக் கனிப்பொருளின் காலத்திலேயே முளைவிட்ட அதே சமதானி அறிவுதான்.