இரண்டு ரசீதுகள்

1962 ஆகஸ்ட் 31. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ரூல்வில் என்ற சிற்றூரிலிருந்து ஒரு பழைய பஸ் இண்டியனோலாவுக்குப் புறப்பட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போன பதினெட்டுக் கறுப்பினத்தவர் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். வயது 44. இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. ஆறு வயதிலிருந்தே பருத்திக்காட்டு வேலை. தனக்கும் ஓட்டு உண்டு என்பதே அந்த ஆண்டுதான் அவருக்குத் தெரிய வந்தது.

நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டம் 1870இலேயே சொல்லிவிட்டது. ஆகவே மிசிசிப்பிக்காரர்கள் 1890இல் நிறத்தைப் பற்றி வாயே திறக்காமல் வேலையை முடித்தார்கள். ஆண்டுக்கு இரண்டு டாலர் தலைவரி கட்ட வேண்டும். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், இல்லையேல் பிறர் படிக்கக் கேட்டு விளக்க வேண்டும். பின்னாளில் படிப்பது, எழுதுவது, விளக்குவது மூன்றும் கட்டாயமாயின. விளக்கம் சரியா தவறா என்பதைப் பதிவு அலுவலரே தீர்மானிப்பார். இந்தச் சட்டத்திலேயே மிகக் கொடியது இதுதான் என்பேன். வெள்ளையருக்குத் திறந்த கதவைக் கறுப்பருக்குச் சாத்த, அந்த ஒருவர் தலையாட்ட மறுத்தாலே போதும்.

ஹேமருக்கு வந்தது ‘டி ஃபாக்டோ’, அதாவது ஏட்டில் இல்லாவிட்டாலும் நடைமுறையில் இருக்கும், சட்டங்கள் பற்றிய பிரிவு. பார்த்து எழுதிவிட்டார், விளக்க முடியவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. பஸ்ஸின் நிறம் சரியில்லை என்று சொல்லி ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். விண்ணப்பத்தில் முதலாளியின் பெயரையும் கேட்டிருந்தார்கள். ஹேமர் வீடு சேருமுன்பே தோட்ட முதலாளிக்குச் செய்தி போயிருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியேறு என்றார் அவர். உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று பதில் சொன்னார் ஹேமர். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த இடத்தைவிட்டு அன்றிரவே வெளியேறினார்.

1963 ஜனவரியில் தேர்வில் தேறினார். அந்த ஆண்டு ஓட்டுப்போடப் போனபோது இரண்டு ஆண்டுத் தலைவரி ரசீதுகளைக் கேட்டார்கள். இப்போதுதான் பட்டியலில் ஏறியவரிடம் அது எப்படி இருக்கும்?

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் 6.7 சதவீதத்தினரே பதிவு செய்திருந்தார்கள். 1967இல் அது 59.8 ஆனது. பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு. 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செயலிழக்கச் செய்தது. அன்றைக்கே டெக்ஸாஸ் தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. அந்தச் சட்டத்தின்படி, கைத்துப்பாக்கி உரிமத்தைக் காட்டி ஓட்டுப்போடலாம். அரசுப் பல்கலைக்கழகம் மாணவருக்குக் கொடுத்த அட்டை செல்லாது.

(தொடரும்)