படியும் ஒடுக்கமும்: தமிழகக் கத்தோலிக்க உபதேசியார் பேணப்பட்ட வரலாறு

குன்றக்குடியிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாகப் போனால் சருகணி வரும். கடற்பக்கமாக இன்னும் போனால் ஓரியூர். சேதுபதிகள் ஆண்ட காலத்தில் இவையெல்லாம் மறவர் சீமைக்குள் அடங்கியவை. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட இயேசு சபைக் குரு அருளானந்தரை, அதாவது ஜான் தே பிரிட்டோவை, உலகம் அறியும். 1947-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஆனால் அந்தக் கொலைக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1686-ல், இதே சீமையில் அவர் பிடிபட்டார். அவரோடு பிடிபட்டு அவர் பட்ட அடியையெல்லாம் தாங்களும் பட்ட உபதேசியார்களை அறிந்தவர்கள் குறைவு. குருவானவர் ஓர் ஊருக்கு வருவது அன்று ஆண்டில் சில நாள்தான். மற்ற நாள்களில் சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், ஜெபம் சொல்லிக்கொடுத்ததும், இறந்தவரை அடக்கம் செய்ததும், ஊர்ச் சண்டையைத் தீர்த்து வைத்ததும் உபதேசியார்தான். அப்படி ஊரைப் பார்த்துக்கொண்டவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. தமிழகத் திருச்சபை அவருக்கு இரண்டு வகையில் துணை நின்றது. ஒன்று படி, அதாவது அவர் குடும்பத்தின் சோற்றுக்கு வழி. மற்றொன்று ஒடுக்கம், அதாவது ஆண்டுக்கொருமுறை ஊரையும் வேலையையும் விட்டு ஒதுங்கி அவர் மேற்கொண்ட ஞான ஒடுக்கம். இவை இரண்டும் சேர்ந்து கிடைத்த காலத்தில் பணி தழைத்தது, பிரிந்த காலத்தில் தளர்ந்தது என்பதே சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது தெரிகிறது.

படியின் கதை முத்துக்குளித்துறையில் தொடங்குகிறது. 1542-ல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. கற்றுக்கொண்டதும் ஜெபங்களைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத்தான். எனவே ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை உபதேசியாராக அமர்த்தினார். சனிக்கிழமை பெண்களையும் ஞாயிற்றுக்கிழமை ஆண்களையும் கூட்டி ஜெபம் சொல்லிவைப்பது, பிறப்பையும் திருமணத்தையும் கண்காணிப்பது, அவசர ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? பரதவர் கட்டிய வரியில் போர்ச்சுகல் அரசி கத்தரீனின் காலணிச் செலவுக்கென்று 4,000 பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகையைக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு விட்டுத்தரும்படி சவேரியார் அரசியிடம் கேட்டுப் பெற்றார். கடற்கரை மக்களின் உழைப்பில் விளைந்த பணம் ஓர் அரசியின் மிதியடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே மக்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பவரின் அடுப்புக்கு அதைத் திருப்பிவிட்டார் சவேரியார். தமிழ் மண்ணில் பங்குப் பணியாளருக்கென்று ஏற்பட்ட முதல் நிதி ஏற்பாடு இதுதான் என்று சொல்லலாம். 1544-ல் தம் உடன்பணியாளர் மன்சிலாஸுக்கு அவர் எழுதிய கடிதங்களிலும் ஆன்மிக அறிவுரையும் அன்றாட நடைமுறைக் கவலையும் அடுத்தடுத்து வருகின்றன.

அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் (1520–1600) இதில் எழுத்தையும் சேர்த்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1580-ல் வந்த பாவசங்கீர்த்தன நூல், 1586-ல் வந்த ‘அடியார் வரலாறு’ ஆகியவற்றைத் தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கம் என்று கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அவை யார் கையில் இருக்க அச்சிடப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். எழுத்தறிந்தோர் அரிதான கடலோர ஊர்களில் இந்நூல்களை உரக்க வாசித்துக் காட்ட வேண்டியவர் கணக்கப்பிள்ளையே. தமிழின் முதல் அச்சுப் புத்தகங்கள் ஒரு வகையில் பங்குப் பணியாளரின் கைந்நூல்கள்.

இருந்தும் கடற்கரை ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. படிக்குப் போர்ச்சுகீசிய அதிகாரம் பொறுப்பேற்றது. மனத்துக்கு அப்படி நிலையான ஏற்பாடு இல்லை. 1606-ல் ராபர்ட் தே நொபிலி தொடங்கிய மதுரை மிஷனில் நிலைமை தலைகீழானது. நாயக்கர் நாட்டிலும் மறவர் நாட்டிலும் போர்ச்சுகீசியக் கொடி பறக்கவில்லை. உபதேசியார் உள்ளூர் ஆட்சியாளரின் தயவிலும் ஊராரின் நல்லெண்ணத்திலும் வாழ வேண்டியவர். ஆபத்து வந்தால் காக்கப் படையில்லை. அங்கே அவரைத் தாங்கியது அவருடைய உள்ளுறுதி மட்டுமே. அந்த உறுதியை வளர்ப்பதே மிஷனின் தலையாய தேவையானது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த நூல்தான் வீரமாமுனிவரின் ‘வேதியர் ஒழுக்கம்’.

இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-ல் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி என்ற வீரமாமுனிவரைத் ‘தேம்பாவணி’ பாடியவராகவும் ‘சதுரகராதி’ தொகுத்தவராகவும் பள்ளிப் பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. அவர் உரைநடையில் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ அத்தனை பேசப்படுவதில்லை. 1720-களின் பிற்பகுதியைச் சேர்ந்த இந்நூல் உபதேசியார்களுக்காகவே எழுதப்பட்டது. அதன் தலைப்பிலுள்ள இரண்டு சொற்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். வேதியர் என்றால் அன்றைய தமிழில் வேதம் ஓதும் அந்தணர். அந்தப் பெயரை, ஊர் ஊராக நடந்து ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாருக்குச் சூட்டினார் முனிவர். ஒழுக்கம் என்றால் வள்ளுவர் ஒரு முழு அதிகாரமே வைத்த சொல். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவருக்கு அச்சொல்லின் எடை தெரியாமல் இருந்திருக்காது. சம்பளத்துக்கு ஓதுபவர் என்று இளக்காரமாகப் பார்க்கப்படக்கூடிய ஒருவருக்கு, தமிழ் மரபின் மிக உயர்ந்த இரண்டு சொற்களால் ஒரு தகுதியை அந்தத் தலைப்பே ஏற்படுத்திக் கொடுக்கிறது. நூலின் உள்ளே இயேசு சபையை நிறுவிய இக்னேசியாரின் ஞானப் பயிற்சிகள் தமிழ் உபதேசியாரின் வாழ்க்கைக்கு ஏற்ப வடிவம் மாறியிருப்பதை மார்கெரிட்டா திரெந்தோ போன்ற இக்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். முதலில் தன் உள்ளத்தைச் சோதித்துக்கொள், பிறகு பிறருக்கு உபதேசி என்பதே அதன் போக்கு. கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சி, தியானத்திலும் தமிழிலும் ஒருங்கே பயின்ற உபதேசியார் கூட்டத்தின் மையமாயிற்று. காப்பியமும் கையேடும் ஒரே கையிலிருந்து பிறந்தது தற்செயல் அல்ல. அழகிய தமிழ், ஞானம் ஊட்டுபவருக்கும் ஊட்டம் என்று முனிவர் கருதினார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஞான ஒடுக்கம் என்ற பெயரில் நடந்தது ஒடுக்குதல்தானே, ஐரோப்பியக் குரு தம் உள்ளூர்ப் பணியாளைக் கட்டுக்குள் வைக்கக் கண்ட உத்திதானே என்று கேட்கலாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. உபதேசியார் எவ்வளவு பயின்றாலும் குருவாக முடியாத ஏற்பாடு நெடுங்காலம் நீடித்தது. சாதிக்கு ஓர் உபதேசியார் என்று பிரித்து வைத்ததையும் மிஷன் தடுக்கவில்லை. பல இடங்களில் அதன் மீதே தன்னைக் கட்டிக்கொண்டது. இந்தக் குறையை மறைத்து வரலாறு எழுதுவது நேர்மையாகாது. ஆனால் கட்டுப்பாடு மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் ஒரு தண்டனைப் பட்டியல் போதும். தனியே நெடுநாள் ஊரில் இருக்கப்போகும் ஒருவரைத் தன் மனச்சான்றையே தனக்குத் துணையாகக் கொள்ளப் பழக்குவது, கண்காணிப்பு எட்டாத இடத்தில் அவர் சொந்தக் காலில் நிற்பார் என்ற நம்பிக்கை இல்லாமல் நடவாது. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை என்பதை அடுத்து வந்த காலம் காட்டியது.

1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1830-களின் பிற்பகுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் திரும்பி வரும்வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் மதுரை மிஷனில் குருக்கள் எண்ணிக்கை மிகச் சுருங்கியது. போர்ச்சுகல் அரசின் ஞானாதிக்க உரிமையான பதுரவாதோவுக்கும் ரோமின் மறைபரப்புப் பேராயமான பிரப்பகாந்தாவுக்கும் நடந்த அதிகாரப் போட்டி நிலைமையை மேலும் குலைத்தது. அப்படியிருந்தும் சருகணி போன்ற ஊர்களில் கிறிஸ்தவம் அழியவில்லை. ஜெபத்தையும் திருவிழாவையும் அடக்கச் சடங்கையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவை உபதேசியார் குடும்பங்கள். கடலுக்கு அப்பாலும் இதற்கு இணையான சான்று உண்டு. 1658-ல் யாழ்ப்பாணத்தை டச்சுக்காரர் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினர். 1687-ல் ஜோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஜெபத்தை விடாமல் காத்தவர்கள் இல்லறத்தாரே. பின்னர் அங்கு வேரூன்றிய மூப்பர், அண்ணாவியார் பொறுப்புகள் இந்த மரபையே தொடர்ந்தன. ஆனால் நெடுநாள் தாங்கியதற்கு விலையும் இருந்தது. ஒடுக்கம் நின்றுபோய்ப் படி மட்டும் ஊர் வழக்கமாக மிஞ்சிய இடங்களில், உபதேசியார் பொறுப்பு தகுதியைப் பாராமல் தந்தை வழி மகனுக்கு இறங்கும் உரிமையாக இறுகிவிட்டது.

திரும்பி வந்த இயேசு சபையினர் பள்ளிக்கூடத்தைத் தங்கள் முதன்மைக் கருவியாக்கினார்கள். 1844 புதுச்சேரிச் சங்கமும் உள்நாட்டுக் குருக்களையும் கல்வியையும் வலியுறுத்தியது. இரண்டும் நன்மையே. ஆயினும் உபதேசியார் வரலாற்றில் இது ஒரு திருப்பம். அரசு உதவி பெறும் பள்ளிகள் பெருகியபோது, எழுதப் படிக்கத் தெரிந்த உபதேசியாருக்கு ஆசிரியர் வேலையில் மாதச் சம்பளம் நிச்சயமாயிற்று. கோயில் வேலைக்குக் கிடைத்ததோ அறுவடைக் காலத்து நெல்லும் திருவிழாக் காணிக்கையில் ஒரு பங்கும். திறமையுள்ளவர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. படி பள்ளிக்குப் போனது. பணி மட்டும் கோயிலில் தங்கியது, பெரும்பாலும் வேறு வழியில்லாதவர் கையில்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்தப் பிளவைக் கண்டுகொண்டது. 1965-ல் வெளிவந்த நற்செய்திப் பணி பற்றிய ஆணையின் 17-ஆம் பத்தி உபதேசியார்களுக்காகவே எழுதப்பட்டது. பயிற்சிப் பள்ளிகள், அவ்வப்போது கூடிப் புத்துணர்வு பெறும் வாய்ப்பு ஆகியவற்றைக் கேட்ட அதே பத்தி, முழுநேரம் உழைப்பவருக்கு நியாயமான ஊதியத்தால் தக்க வாழ்க்கை நிலையும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 231-ஆம் விதி, திருச்சபைப் பணியில் ஈடுபடும் பொதுநிலையினருக்குத் தக்க ஊதியத்தையும் காப்பீட்டையும் உரிமை என்றே சொல்கிறது. ஒடுக்கத்தின் பக்கம் தமிழகம் நன்றாகவே முன்னேறியது. தமிழரான அமலோர்பவதாஸ் அடிகள் 1967-ல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு மையமும், திண்டிவனத்தில் தமிழக அளவில் இயங்கும் நடுநிலையமும் மறைக்கல்வியைப் புதுப்பித்தன. அன்பியங்கள் எனப்படும் சிறு கிறிஸ்தவக் குழுக்கள் வழியாக ஏராளமான பெண்களும் இளைஞரும் பங்குப் பணிக்கு வந்தார்கள். 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியை நிலையான திருப்பணியாகவே அறிவித்தார். தகுதி சூட்டுவதில் வீரமாமுனிவர் தலைப்பில் செய்ததன் தொடர்ச்சியாக இதைக் காண்கிறேன்.

படியின் பக்கம் அந்த முன்னேற்றம் இல்லை. தன்னார்வலர்கள் இத்தனை பேர் வந்தபின் சம்பள உபதேசியார் எதற்கு, காசு வாங்கினால் அது சேவையாகுமா என்ற வாதம் பங்குப் பேரவைகளில் எளிதாக எடுபடுகிறது. இதற்கு வரலாறே மறுமொழி. மனம் தூய்மையாக இருக்கட்டும் என்று வயிற்றை மறந்த இடங்களில், பணி வசதியுள்ளவர்களின் ஓய்வுநேர வேலையாகச் சுருங்குகிறது. நாட்கூலிக்குப் போகிறவர் செவ்வாய்க்கிழமை மதியம் அடக்க ஜெபத்துக்கு வர முடியாது. படியை மறுப்பது, ஏழையின் கையிலிருந்து ஊழியத்தைப் பறிப்பதில்தான் முடியும். இது கத்தோலிக்கர் மட்டும் கண்ட உண்மையும் அல்ல. குன்றக்குடி ஆதீனத்தின் தலைவராயிருந்த தவத்திரு குன்றக்குடி அடிகளார் (1925–1995), மடத்தின் வேலை வழிபாட்டோடு முடிவதில்லை என்று கொண்டு, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் அறிவியலைக் குன்றக்குடியின் சிறுதொழில்களுக்குக் கொண்டுவந்தார். திருமுறை பாடும் ஓதுவாரானாலும் செபமாலை சொல்லித்தரும் உபதேசியாரானாலும் பசியோடு பாடச் சொல்வது பக்தியல்ல.

சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களை உள்ளடக்கிய சிவகங்கை மறைமாவட்டம் 1987-ல் உருவானது. ஓரியூரும் சருகணியும் அதற்குள்தான் இருக்கின்றன. அருளானந்தரோடு 1686-ல் அடிபட்ட உபதேசியார்களுக்கு இன்றுவரை புனிதர் பட்டம் இல்லை. அது ரோம் தீர்மானிக்கும் விஷயம். பங்குப் பேரவைகள் தீர்மானிக்கக்கூடியது வேறொன்று இருக்கிறது. வரும் ஆண்டு வரவு செலவு எழுதும்போது உபதேசியாருக்கென்று தனியே மூன்று வரி எழுதுங்கள்: மாதச் சம்பளம், குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கொரு ஞான ஒடுக்கத்துக்குப் போய்வரும் செலவு.