யூஎஸ்ஆர்பி பலகையின் துணை உள்ளீடுகள்

மென்பொருள் வானொலிக் கருவிகளில் ஆன்டெனா வாங்கும் அலையை எண்களாக்கும் வேகமான மாற்றிகளே பேர் வாங்குகின்றன. அவற்றின் அருகே மெதுவான துணை அனலாக் உள்ளீடுகள் சிலவும் உண்டு. கருவியின் சொந்த நிலையை அறிய உதவுபவை இவைதான்.

2001இல் எரிக் பிளாசம், ஜான் கில்மோரின் நிதியுதவியோடு குனூ ரேடியோ என்ற மென்பொருள் வானொலித் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கேற்ற மலிவான வன்பொருளாக மேட் எட்டஸ் உருவாக்கியது யூஎஸ்ஆர்பி. அதன் பலகையில் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடி9862 சிப்புகள் இரண்டு இருந்தன. முதன்மை மாற்றிகள் 12 பிட் அளவில் நொடிக்கு 6.4 கோடி மாதிரிகள் எடுத்தன. அதே சிப்புக்குள் 10 பிட் துணை மாற்றிகளும் இருந்தன. டாட்டர்போர்டு எனும் துணைப் பலகைகளைச் செருகும் 4 இடங்களுக்கும் தலா 2 வீதம் 8 துணை உள்ளீடுகள் கிடைத்தன.

இவற்றின் தேவை சமிக்ஞை வலிமையை அளப்பதில் தெளிவாகத் தெரியும். பெருக்கத்தை மாற்றினால் மாதிரிகளின் அளவும் மாறிவிடும். அவற்றை மட்டும் பார்த்து வந்த அலை வலியதா மெலியதா என்று சொல்ல முடியாது. ஆர்எஃப்எக்ஸ் டாட்டர்போர்டுகள் அந்த வலிமையை ஒரு மின்னழுத்தமாகவே தந்தன. துணை உள்ளீடு அதைப் படித்தது. வெப்பநிலை, சார்பு மின்னழுத்தம் ஆகியவற்றையும் இப்படி அளக்கலாம்.

படிக்கும் வழிதான் சுற்றுவழி. கணினியின் கட்டளை யூஎஸ்பி வழியே சைப்ரஸ் கட்டுப்படுத்திக்குப் போய், அங்கிருந்து எஸ்பிஐ தொடர்வழியில் சிப்பின் பதிவேட்டை எட்டும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் இந்தப் பயணம் உண்டு. ஆகவே மாற்றி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், இதை அலைக்காட்டியாக நினைப்பது வீண். யூஎஸ்ஆர்பியின் பழைய மென்பொருள் நூலகம் 10 பிட் எண்ணை நான்கால் பெருக்கி 12 பிட் வடிவில் தந்தது. துல்லியம் அதனால் கூடிவிடவில்லை.

2008இல் வந்த யூஎஸ்ஆர்பி2 இவ்வேலையை ஏடி7922 என்ற தனி 12 பிட் சிப்புக்கு ஒப்படைத்தது. 2010இல் வந்த யூஎச்டி இயக்கி வெற்று எண்ணுக்குப் பதில் வோல்ட் கணக்கில் விடை சொன்னது. பயனருக்குப் பெரிய மாற்றம் இதுவே. பின்னாளைய பி200 வரிசையின் ஏடி9361 வகைச் சிப்புகளில், உள்ளிருக்கும் வெப்ப உணரியும் வெளி ஊசியும் 12 பிட் துணை மாற்றி ஒன்றையே பகிர்ந்துகொள்கின்றன.