கண்ணாடி நூலும் அதன் மூக்கும்

ஃபைபர்னு சொன்னதும் எல்லாரும் கண்ணாடி நூலைப் பத்தித்தான் பேசுவாங்க. அந்த நூலோட நுனியில என்ன இருக்குன்னு நம்மள மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்க பெரும்பாலும் கண்டுக்கறதில்லை. ஆனா பாதிக் கதை அங்கதான் இருக்கு மக்களே.

முதல்ல நூல். 1966-ல் இங்கிலாந்தில் வேலை பார்த்த சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கணக்குப் போட்டார்கள். கண்ணாடியில் கலந்திருக்கும் அழுக்கை எடுத்துவிட்டால், ஒளி இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவரலாம். அதாவது ஒரு கிலோமீட்டர் தாண்டி, போன ஒளியில 1 சதவீதம் வந்து சேர்ந்தாலே போதும். அன்றைய கண்ணாடியில் இழப்பு சுமார் 1000 டெசிபல்! 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த 20-ஐத் தாண்டிக் காட்டியது. காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு.

நூல் ரெடி. ரெண்டு நூலை எப்படி இணைக்கிறது? செம்புக் கம்பின்னா முறுக்கி விட்டுடலாம். சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். ரெண்டு நுனியும் அச்சுப் பிசகாம நேருக்கு நேர் நிக்கணும். குறுக்கே ஒரு தூசி வந்தாலே தகராறு. அதனால நூலை ஃபெரூல் என்கிற குட்டிப் பீங்கான் உருளைக்குள்ள ஒட்டி, நுனியை வழவழன்னு தேய்ச்சு விடறாங்க. ஜப்பானின் என்.டி.டி. கொண்டுவந்த எஸ்.சி. கனெக்டரில் ஃபெரூலின் விட்டம் 2.5 மி.மீ. பிறகு லூசென்ட் கொண்டுவந்த எல்.சி.யில் 1.25 மி.மீ. சரிபாதி.

இந்தப் பாதிதான் மேட்டரே. மின் சிக்னலை ஒளியாகவும், ஒளியைத் திரும்ப மின் சிக்னலாகவும் மாத்தற டிரான்சீவரும் கூடவே சுருங்கிச்சு. 1990-களின் ஜிபிஐசி எஸ்.சி.க்கு ஏத்த சைஸ். அடுத்து வந்த எஸ்.எஃப்.பி. எல்.சி.க்கு ஏத்த சைஸ். ஸ்விட்ச்சில் அதே இடத்தில் ரெண்டு மடங்கு போர்ட்!

எனக்குப் பிடிச்சது வேற. எஸ்.எஃப்.பி.யின் அளவை, சந்தையில் மோதிக்கிட்டிருந்த கம்பெனிகளே சேர்ந்து உட்கார்ந்து 2000-ல் ஒப்பந்தமா எழுதினாங்க. யாரோட மாட்யூலும் யாரோட ஸ்விட்ச்சிலும் உட்காரணும்னுதான். 10 ஜிகாபிட் எஸ்.எஃப்.பி. பிளஸ், 25 ஜிகாபிட் எஸ்.எஃப்.பி. 28 எல்லாம் பின்னால வந்து அதே சைஸில் உட்கார்ந்தது அந்த ஒப்பந்தத்தோட புண்ணியம்.

ஆனா மாட்யூலுக்குள்ள தயாரிப்பாளர் பேரைச் சொல்ற மெமரி சிப் ஒண்ணு இருக்கு. சில ஸ்விட்சுகள் அதைப் படிச்சுப் பார்த்து, 'நீ நம்ம ஆளு இல்ல'ன்னு கதவைச் சாத்திடும். அளவு, வேகம், அலைநீளம் எல்லாம் பொருந்தினாலும்தான். கூடி உட்கார்ந்து ஊருக்கே பொதுவா வாசல் வெச்சுட்டு, உள்ள ஜாதகம் பார்க்கறது என்ன நியாயம்?

கொசுறு: பச்சை கலர் கனெக்டரின் நுனி 8 டிகிரி சாய்வாத் தேய்ச்சது, நீலம் நேரானது. ரெண்டையும் ஜோடி சேர்த்துடாதீங்க :-)