புகை எந்தப் பக்கம்?

பாம்பன் சந்திப்பில் முன்பு இருப்புப் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேசுவரத்திற்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் சென்றது. முதற்பாதை இன்றும் இருக்கிறது. இரண்டாவது என்னவாயிற்று என்று கேட்டால், "1964ஆம் ஆண்டுப் புயல் கொண்டுபோயிற்று" என்னும் விடை கிடைக்கும். அவ்விடையில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. அந்தப் புகைவண்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்ற முறையில் இதனைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாம் பிறந்து வளர்ந்தது பாம்பனில். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் வாப்பா கணக்கு எழுதினார்கள். அக்காலத்தில் கீழக்கரை, தொண்டி முதலிய ஊர்களிலும் இத்தகைய குடும்பங்கள் பல. மேற்கே பாலத்தின்மேல் கரும்புகை தெரிந்தால் யாரோ இலங்கைக்குப் போகிறார்கள். கிழக்கே மணல் மேடுகளுக்கு மேல் தெரிந்தால் யாரோ வருகிறார்கள். இதுவே சிறுவர்களாகிய நாம் கற்ற முதற்பாடம். கண் பார்வை குன்றிய வாப்பாவின் தாயார் திண்ணையில் அமர்ந்தபடி, ஊதல் ஒலி கேட்டவுடன், "புகை எந்தப் பக்கம் வாப்பா?" என்று நம்மைக் கேட்பார்கள். கிழக்கு என்று சொல்லிவிட்டால் போதும். அவர்களுடைய கை தலைமுக்காட்டைச் சரிசெய்யும்.

வாப்பா இறங்கும் நாளில் நிலையம் முழுதும் நிலக்கரி வாடை வீசும். கண்ணில் விழுந்த கரித்தூளைக் கசக்கிக்கொண்டே ஓடுவோம். பெட்டியைத் திறந்தால் தேயிலையும் மாசியும் கலந்த மணம். கொழும்பு என்பது நமக்கு அந்த மணந்தான்.

அப்பாதையின் வரலாறு சுருக்கமானது. தொடக்கத்தில் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறினர். 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட 'போட் மெயில்' தனுஷ்கோடித் துறை வரை வந்தது. அங்கிருந்து இர்வின், கோஷன் போன்ற நீராவிக் கப்பல்கள் ஏறத்தாழ 35 கிலோ மீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரில் சேர்த்தன. அங்கே கொழும்பு வண்டி காத்திருக்கும். வண்டி, கப்பல், வண்டி மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு. வணிகர்கள் மட்டுமல்லர்; மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட ஏழைத் தொழிலாளரும் இவ்வழியே சென்றனர். இரண்டாம் உலகப் போரின்போது வண்டி இராமேசுவரத்தில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைத் திரட்ட உதவிய சிறுவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம்.

அந்த ஒரு சீட்டின் காலம் நாம் வண்டியைப் பார்க்கத் தொடங்குமுன்பே முடிந்துவிட்டது. 1948ஆம் ஆண்டில் இலங்கையில் குடியுரிமைச் சட்டமும், குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் இயற்றப்பட்டன. பயணச்சீட்டுடன் கடவுச்சீட்டும், நுழைவு அனுமதியும், தங்கும் அனுமதியும் வாப்பாவின் பெட்டியில் சேர்ந்தன. அனுமதி புதுப்பிக்கப்படாத நிலையில் புறப்பட்டால் மீண்டும் கடைக்குத் திரும்ப இயலாது. ஆண்டுதோறும் வந்தவர்கள் ஈராண்டுக்கொரு முறை வந்தார்கள். பின்னர் அதுவும் தவறியது.

1962ஆம் ஆண்டு வாப்பாவின் தாயார் நோயுற்றார்கள். தந்தி போயிற்று, அனுமதித் தாள் வரவில்லை. அவர்கள் மறைந்த அன்றும் கிழக்கிலிருந்து வண்டி வந்தது. புகையைக் கண்டோம், எந்தப் பக்கம் என்று கேட்க ஆளில்லை. பாலம் இருந்தது, பாதை இருந்தது, கப்பல் இருந்தது. மகன் மட்டும் வந்துசேர முடியவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. ஏழு வாரங்கள் கடந்தபின், டிசம்பர் 22ஆம் நாள் இரவு, புயல் எழுந்தது. நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியைத் தனுஷ்கோடிக்கு அருகே கடல் விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், ஒருவரும் தப்பவில்லை. நம் வீட்டின் ஓடுகள் பறந்த அவ்விரவில், அவ்வண்டியின் ஊதலைக் கேட்டோமா, காற்றைக் கேட்டோமா என்பது இன்றுவரை நமக்குத் தெளிவில்லை.

சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டனர். தனுஷ்கோடிப் பாதையோ கைவிடப்பட்டது. கப்பல் இராமேசுவரத்திற்கு மாறி, 1984ஆம் ஆண்டு வரை ஓடி, இலங்கையின் உள்நாட்டுப் போரினால் நின்றது. தலைமன்னார்ப் பாதை 2015ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது. இங்கே புதிய பாதைக்கு 2019ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டும், தனுஷ்கோடிக்கு இன்னும் வண்டி செல்லவில்லை.

2017ஆம் ஆண்டு முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. பேரப் பிள்ளைகளுடன் அங்கே சென்று, நிலையத்தின் இடிந்த சுவர்களைக் காட்டினோம். "கடல்தானே எல்லாவற்றையும் அழித்தது?" என்று கேட்டனர். கடல் ஓரிரவில் தண்டவாளத்தைக் கொண்டது; போக்குவரத்தை அதற்கு முன்பே பதினாறு ஆண்டுகளாகத் தாள்கள் கொஞ்சங் கொஞ்சமாகக் கொண்டுவிட்டன என்று விளக்கினோம்.

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பழம்பெட்டிகளில் கொழும்புக் கடிதமோ, கடவுச்சீட்டோ, மறுக்கப்பட்ட அனுமதித் தாளோ இருக்குமாயின் அதனை எறிந்துவிடாதீர்கள். யார் எப்போது வந்தார்கள், யாரால் வர முடியாமற்போயிற்று என்பதற்கு வேறு சான்று நம்மிடம் இல்லை.