அருட்பா – மருட்பா விவாதம்

இராமலிங்க அடிகள் (1823–1874) பாடிய திருவருட்பா, அருளால் பிறந்த பாட்டா அல்லவா என்பது குறித்துச் சைவ உலகில் எழுந்த கருத்துப்போர் அருட்பா – மருட்பா விவாதம் எனப்படும். 1860களின் இறுதியில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு வரை கண்டன நூல்களிலும் மேடைகளிலும் நீதிமன்றத்திலும் அது நீடித்தது. ‘மருள்’ என்றால் மயக்கம். வெண்பாவில் தொடங்கி ஆசிரியப்பாவில் முடியும் யாப்பு வகைக்கும் மருட்பா என்றே பெயர். எதிர்ப்பாளர்கள் அந்தச் சொல்லைத்தான் எடுத்து அருட்பாவின் மேல் எறிந்தார்கள்.

அடிகள் தம் பாடல்களை அச்சில் ஏற்ற எளிதில் இசையவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒரு வேளைதான் உண்பது என்று விரதம் பூண்டு அவரை இசைய வைத்தார். 1867இல் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. நூலுக்குத் ‘திருவருட்பா’ என்று பெயரிட்டவர் தொழுவூர் வேலாயுத முதலியார். பாடல்களைத் ‘திருமுறை’களாக வகுத்ததும், ஆசிரியருக்குத் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்ற பட்டத்தைத் தந்ததும் அவரே. பட்டத்தைக் கண்டு அடிகள் கடிந்துகொண்டபோது, “வள்ளல் ஆர் என்று பிரித்தால் அது கேள்விதானே” என்று வேலாயுத முதலியார் விடை சொன்னதாக அன்பர்களிடையே ஒரு செய்தி வழங்குகிறது.

பிணக்கு இந்தப் பெயர்களில்தான் தொடங்கியது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் பூசை முடிவில் ஒவ்வொரு பாட்டு ஓதுவது சிவாலய மரபு. அருட்பா, திருமுறை என்ற சொற்கள் அவ்வகை நூல்களுக்கே உரியவை. உயிரோடிருக்கும் ஒருவரின் பாடல்கள் அதே பெயரில் அச்சாகிக் கோயில்களிலும் பாடப்பட்டதை யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலரால் பொறுக்க முடியவில்லை. அவர் தரப்பிலிருந்து ‘போலியருட்பா மறுப்பு’ வந்தது. நாவலரை வெறும் பொறாமைக்காரராகக் காட்டும் வழக்கம் நியாயமற்றது. ஆகமத்தையும் பாடத்தூய்மையையும் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அவர். தில்லை எனப்படும் சிதம்பரம் கோயிலின் பூசகர்களான தீட்சிதர்களிடமும் அதே கண்டிப்போடுதான் நடந்துகொண்டார். 1869இல் சிதம்பரத்தில் நடந்த கூட்டமொன்றில் தம்மை இழித்துப் பேசினார்கள் என்று தீட்சிதர்கள் மீதும் அடிகள் மீதும் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அடிகள் நீதிமன்றத்துக்குள் வந்தபோது நாவலர் உட்பட எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்ற கதை பக்தியில் விளைந்தது. அதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை.

நாவலர் 1879இல் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. 1900களின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை மருட்பாக் கட்சிக்குத் தலைமை தாங்க, பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர் கொண்ட வேதாசலம் அருட்பாவுக்காக மேடை ஏறினார். வழக்கு மறுபடியும் நீதிமன்றம் போனது. கதிரைவேற்பிள்ளையின் மாணவரான திரு.வி.க. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போய்ப் பள்ளி இறுதித் தேர்வை இழந்தார். அருட்பாவின் பக்கம் நின்று வாதாடியவர்களில் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலரும் ஒருவர். இஸ்லாமியர், ஒரே வேளையில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானி. சைவர்கள் தங்களுக்குள் முட்டிக்கொண்ட நூலுக்காக அவர் வந்து நின்றதற்கு இணையாக இந்த வரலாற்றில் வேறொன்றைச் சொல்ல முடியாது.

ஆனால் முதற்கட்ட ஆதரவாளர்கள் ஒரு சிக்கலில் இருந்தார்கள். அருட்பா தேவாரத்தின் வழியில் வந்தது என்று காட்டினால்தான் எதிரியின் அளவுகோலில் அது தேறும். அடிகளோ அந்த அளவுகோலையே தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். ஆறாம் திருமுறை சாதி, சமய, சாத்திரப் பிடிகளை வெளிப்படையாக மறுக்கிறது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் நிகழ்த்திய பேருபதேசத்தில், சைவத்தில் தமக்கிருந்த பழைய பற்றையும் விட்டுவிட்டதாக அவரே சொன்னார். ஐந்தாம் திருமுறை 1880இலும் ஆறாவது 1885இலும்தான் அச்சாயின. முதற்போரில் இரு தரப்பும் மோதிக்கொண்டது முழு நூலின் பேரிலன்று, அதன் முற்பகுதியின் பேரில்தான்.

கண்டனங்களுக்கு எழுதப்பட்ட மறுப்புகளில் பெரும்பாலானவை வசைக்கு வசை. அவற்றைவிடத் திருவருட்பாவைக் காத்தது பதிப்புப் பணி என்பதே சரியான மதிப்பீடு. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை, அடிகளின் கையெழுத்து மூலங்களோடு ஒப்பிட்டுப் பன்னிரண்டு புத்தகங்களாக வெளியிட்டார். 1972இல் ஊரன் அடிகளின் பதிப்பு வந்தது. பாடல்களோடு அடிகள் எழுதிய கடிதங்களும் இப்பதிப்புப் பணியால் நூலுருப் பெற்றன. தம் பாட்டுக்குத் தாமே பெருமை தேடிக்கொண்டார் என்று அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுக்கு அவற்றில் பதில் இருக்கிறது: தம் பெயரோடு ‘சாமி’ என்ற சொல்லைச் சேர்த்து வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அதை விட்டுவிட வேண்டும் என்று இரத்தின முதலியாருக்கு அவர் தம் கைப்பட எழுதியிருக்கிறார்.